பாஷாணப் பத்தியம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே துண்டோடு அருவிக்குக் கிளம்பும். நான் மட்டும் வெந்நீர் அடுப்பைப் பற்றவைப்பேன். என் வீட்டுக்காரருக்கு இளைப்பு. தென்காசியில் தறி நெய்கிறவர். ஆனி, ஆடி முழுக்கத் தறியை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்கு அல்லாடுவார்.

மாமியார் இலத்தூரிலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தாள். வெள்ளைப் பாஷாணத்தைச் சுத்தி செய்த பொடி என்று சொல்லியேதான் அவர் கொடுத்தார். தேனில் குழைத்து அரிசி எடை சாப்பிட வேண்டும். உப்பு, புளி ஆகாது. உள்ளதைச் சொன்னால், இழுப்பு நின்றது. அந்தச் சாரலில் அவர் பாடிக்கொண்டே நெய்தார். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஒரு மண்டலம் என்று சொன்ன மருந்தை, நிறுத்தினால் இளைப்பு திரும்பிவிடும் என்ற பயத்தில் வருடக்கணக்காகத் தின்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதுகில் புழுதியில் மழைத்துளி விழுந்தது போலப் புள்ளிகள். உள்ளங்கையில் மிளகு மிளகாகக் காய்ப்பு. தறி மிதியில் உரசிய கால் புண் ஆறவேயில்லை. விலாவில் அக்கி வந்தது. வழக்கப்படி குயவர் வந்து அதன் மேல் காவியால் எழுதிவிட்டுப் போனார். ஆறிய அக்கி மறுபடியும் வந்தது.

மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பத்தியம் முறிஞ்சிருக்கு. ஏட்டி, கஞ்சியில உப்புப் போட்டியா?"

"நான் எதுக்கு அத்தை போடுதேன்?"

"பின்ன இதெல்லாம் எப்படி வருது?"

வைத்தியரும் அதையே சொன்னார். உள்ளே கிடக்கிற நோய் வெளியே வருகிறது என்று பொடியின் அளவையும் கூட்டினார். அட கடவுளே! பாஷாணத்தைக் கொடுத்தவர்கள் நல்லவர்கள், உப்பைத் தொடாத நான் பாதகி. வாதாடி ஓய்ந்துபோய், சந்தேகம் தீரட்டும் என்று நானும் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தேன். வாழ்க்கையே சப்பென்று ஆகிவிட்டது.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் நெஞ்சில் குழலை வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன்.

"இளைப்புங்கிறது உடம்பு தேவையில்லாமப் போடுற சண்டைம்மா. பாஷாணம் அதை அடக்கியிருக்கு. கூடவே, நோயை எதிர்த்து நிக்கிற சக்தியையும் அடக்கிருச்சு. அதான் புண்ணு ஆறலை, அக்கி திரும்பத் திரும்ப வருது. இது தோலைக் கெடுக்கும், ஈரலை உள்ளுக்குள்ளேயே புண்ணாக்கும். நிறுத்தலைன்னா ஆள் தேறமாட்டாரு."

"இழுப்பு வந்துருமே?" என்றாள் மாமியார்.

"வரும். அதுக்கு வேற மருந்து இருக்கு."

பொடியை நிறுத்தினோம், உப்பில்லாப் பத்தியத்தை மட்டும் மாமியார் விடவிடவில்லை. உடம்பு மெல்லத் தேறியது, கால் புண்ணும் மூடியது. அடுத்த சாரலில், டாக்டர் சொன்னபடியே, இழுப்பும் வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவித் தடவி என் கை மரத்துப்போயிருந்தது. மாமியார் அழுதுகொண்டே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மிச்சப் பொடி.

"பிள்ளை துடிக்கானேட்டி. கொஞ்சூண்டு கொடு."

அவளும் பெற்றவள்தானே. எனக்கும் அழுகை வந்தது. பொடியை வாங்கி என் மடியில் முடிந்துகொண்டேன்.

"இழுத்தா இழுக்கட்டும் அத்தை. இழுக்கதுக்கு ஆளு இருக்காருல்லா."

கஞ்சியைக் கொண்டுவந்து, அவள் கண் முன்னாலேயே ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். அவர் ஒரு வாய் குடித்தார். மூச்சு வாங்கியது. கிண்ணத்தை என் பக்கம் நீட்டிச் சொன்னார்.

"உப்புப் பத்தல."