தசம் ஏழு என்ற தண்ணீர்

கௌசலா வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியை மறந்த நாட்கள் உண்டு. தண்ணீர்ப் போத்தலை மறந்த நாள் இல்லை. அது அவள் குடிப்பதற்கான தண்ணீர் அல்ல. வீட்டு வளவிலுள்ள குழாய்க்கிணற்றில் விடிய அடித்தெடுத்து, மூடியை இறுக்கி, திகதி எழுதிக் கொண்டுபோவது.

நெளுக்குளத்தில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் சின்ன நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊர்க் கிணறுகளில் புளோரைட்டு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேலே போனால் குடிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு முளைக்கிற பல்லில் கறை விழும். கூடிய அளவில் நெடுங்காலம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். அளவு குறைந்த கிணற்றுக்கு நீலப் பூச்சு, கூடியதற்குச் சிவப்பு. ஐந்து வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கிணறுகள் அவளுடைய கையால் நிறம் பெற்றிருந்தன.

ஆரம்பத்தில் பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு விதி சொல்லிவிட்டுப் போனார்கள். அளவு தெரிந்த ஒரு தண்ணீரை ஒவ்வொரு நாளும் முதலில் அளந்து பாருங்கள். அது மாறினால் அன்றைக்கு மீற்றர் சொல்வது ஒன்றையும் நம்பாதீர்கள். அளவு தெரிந்த தண்ணீர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்குப் பதிலாகக் கௌசலா தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். முதல் வாரம் பத்துத் தரம் அளந்தாள். பத்துத் தரமும் 0.7. அன்றிலிருந்து அந்தத் தண்ணீரின் பெயரே தசம் ஏழு. காலையில் அது 0.7 காட்டினால் வேலை தொடங்கும். ஐந்து வருடமாக அது 0.7 காட்டியது. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. ஒழுங்கு என்று சொல்லலாம். ஒழுங்கும் ஆளை ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியாமலிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மகள் வினோஜாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். வினோஜாவுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடுகள், அவற்றின் நடுவே தேயிலைச் சாயம்.

"வாயைத் திற. இது தீட்டின பல்லோ?"

"தீட்டினனான் அம்மா."

"தீட்டின பல்லு இப்பிடிக் கிடக்குமோ? பொய் சொல்லாத."

தயாபரன், அவளுடைய கணவன், வாசலில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தான். முன்பொருமுறை, தண்ணியாயிருக்குமோ என்று அவன் கேட்டிருக்கிறான். "நாளாந்தம் அளக்கிறவள் நான்," என்று அவள் சொன்னதோடு கதை முடிந்தது.

பரிசோதனைக் கூடத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்னப் பெட்டி மேசையில் இருந்தது. கூடத்தைத் தரப்படுத்துவதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் இந்தப் போத்தலை அளந்து காட்டவேண்டும் என்று ஒரு கடிதம். உள்ளே வெளிநாட்டில் செய்த, கைக்கு அடங்கிய பிளாஸ்ரிக் போத்தல், ஒரு சான்றிதழ். சான்றிதழில் அதன் புளோரைட்டு அளவு 1.50 என்றும், பிழை இருந்தால் அது 0.04 ஐத் தாண்டாது என்றும் எழுதியிருந்தது. தன் சந்தேகத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வருகிற பொருளைக் கௌசலா அதுவரை கண்டதில்லை.

வழக்கம்போல முதலில் வீட்டுத் தண்ணீர். 0.7. நிம்மதி. பிறகு புதிய போத்தல்.

0.75.

மீற்றரின் முனையைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைத்தாள். 0.75. மூன்றாம் தரமும் அதுவே. ஏதோ கொஞ்சம் கூடக்குறைய வந்திருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். சரி பாதி வந்ததால்தான் பயந்தாள். தற்செயலாக நடக்கும் பிழை இவ்வளவு துல்லியமாக நடக்காது.

அப்புத்துரை சேர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். கூடத்துக்குப் பொறுப்பு அவர்தான்.

"பிள்ளை, வெய்யிலுக்குள்ளால வந்த போத்தல். பஸ்ஸில எத்தினை நாள் கிடந்துதோ."

"மூடி முத்திரை உடையேல்லை சேர்."

"அப்ப வெள்ளைக்காரன்ர தண்ணி உண்மை, நெளுக்குளத்துத் தண்ணி பொய்யோ?" அவர் சிரித்தார். "உம்மட தசம் ஏழை அஞ்சு வருஷமாக் காணுறம். ஒருநாள் பிசகினதோ?"

"இல்லை சேர். அதுதான் பயமாக் கிடக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

கௌசலாவுக்குத் தாகமெடுத்தது. மேசையில் தண்ணீர் இருந்தது, வீட்டுத் தண்ணீர். அவள் கை அதற்குப் போய்த் திரும்பிவிட்டது. ஒரு கேள்வி அவளுக்குள் எழும்பி நின்றது. மீற்றருக்கு அளவைக் கற்பிப்பது நியமக் கரைசல், அதாவது அவளே உப்பு நிறுத்துக் கரைத்துவைக்கிற, அளவு தெரிந்த கரைசல். அந்தக் கரைசல் சரியென்று ஒவ்வொரு காலையும் சாட்சி சொன்னது வீட்டுத் தண்ணீர். வீட்டுத் தண்ணீர் 0.7 என்று முதன்முதல் சொன்னது யார்? அதே கரைசல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. நடுவில் அவள் உட்கார்ந்து, ஓம் ஓம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறாள்.

எழும்பி அலுமாரிக் கதவைத் திறந்தாள். உட்பக்கத்தில் அவளுடைய கையெழுத்திலேயே ஓர் அட்டை ஒட்டியிருந்தது: சோடியம் புளோரைட்டு 0.221 கிராம், குடுவையில் கோடு வரைக்கும் தண்ணீர். பயிற்சிக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். அதிலும் 0.221. ஆனால் குடுவை ஒரு லீற்றர்.

அவர்களிடம் ஒரு லீற்றர்க் குடுவை இருந்ததே இல்லை. அது பெட்டிக்குள்ளேயே உடைந்து வந்தது. சல்லி சல்லியாகக் கிடந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளியவளும் அவள்தான். அரை லீற்றர்க் குடுவை போதும் என்று வைத்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பாதியாக்கியவள் உப்பைப் பாதியாக்க மறந்துவிட்டாள். கரைசல் இரண்டு மடங்கு செறிவு. ஆகவே கிணறெல்லாம் பாதி அளவு. கரைசல் முடிகிற நேரமெல்லாம் அட்டையைப் பார்த்துத் திரும்பச் செய்தாள். ஒருமுறைகூட அட்டையை மீறவில்லை.

அவள் உப்பைப் பாதியாக, 0.1105 கிராம் நிறுத்தாள். புதுக் கரைசல் கரைத்து, தண்ணீர் கூட்டி ஐதாக்கி, மீற்றரைத் திரும்பப் பழக்கினாள். வெளிநாட்டுப் போத்தல் 1.49 காட்டியது. பிறகு வீட்டுத் தண்ணீர். இலக்கம் ஏறிக்கொண்டே போவதை அவள் பார்க்கவில்லை. சேர்தான் வாசித்தார்.

"ஒண்டு தசம் நாலு."

வினோஜாவின் வாய் அவள் கண்ணுக்கு முன்னால் திறந்தது.

கொப்பிகளை இறக்கினார்கள். 0.5க்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவு வந்து, அதாவது உண்மையில் எல்லை தாண்டியிருந்தும், நீலம் பூசப்பட்ட கிணறுகள் நூற்று எழுபத்து மூன்று. அந்த வரிசையில் ஒரு பெயரில் அவளுடைய விரல் நின்றது. ஸாலிஹா, 0.8.

ஸாலிஹா மீளக்குடியேறிய குடும்பம். வீட்டில் தையல் தைப்பவள். மற்றவர்களைப்போல அவள் பேசாமல் இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி, "என்ட புள்ளைக்குப் பல்லு கறுக்குது, தண்ணியை இன்னொருக்காப் பாருங்க மிஸ்" என்று தானே போத்தலோடு பஸ் ஏறி வந்தாள். கௌசலா இன்னொருக்கா அளந்தாள். திரும்பவும் 0.8. "தண்ணியில ஒண்டும் இல்லை. பிள்ளை ஒழுங்காப் பல்லுத் தீட்டுறேல்லைப் போல," என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு அந்தச் சொல் ஒரு உபகாரம்போல இருந்தது.

"நான் போய்ச் சொல்லப்போறன் சேர்."

"பொறும். முதல் கொழும்புக்குக் கடிதம் எழுதுவம். எல்லாக் கிணத்தையும் திரும்ப அளந்துபோட்டு ஒண்டாச் சொல்லுவம். இப்ப போய் ஒரு வீட்டில சொன்னா, பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். இனி எங்கட பேப்பரை ஆர் நம்புவினம்?"

"நூத்தி எழுபத்து மூண்டையும் அளக்க எவ்வளவு நாள் சேர்?"

"ரெண்டு மாதம்."

"ரெண்டு மாதமும் அவை குடிப்பினம்."

அப்புத்துரை சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவரல்ல; பயந்தவர். அவளும் பயந்தவள்தான். ஆனால் அவளுடைய பயத்துக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அவருடையதற்கு இன்னும் வரவில்லை.

"நான் வரேல்லை," என்றார் கடைசியில். "சிவப்புப் பெயின்ற் பின்னறையில கிடக்கு. கடிதத்தை நான் எழுதுறன்."

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் நீலப் பூச்சுகள் எதிரே வந்தன. இவ்வளவு கிணறு தெருவோரத்தில் இருப்பதை அவள் கவனித்ததில்லை. ஒரு கிணற்றடியில் ஒருத்தி குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைத்தாள். இன்னொன்றில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்திச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. நிறுத்தினால், கதைக்கத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவோமோ என்ற பயம். ஸாலிஹாவிடம் போனால் என்ன சொல்வது என்று பத்து வசனம் கட்டினாள். ஒவ்வொன்றும் "குடுவை" என்று தொடங்கியது. ஒன்றிலும் "நான்" இல்லை.

ஸாலிஹா தையல் மெசினிலிருந்து எழும்பி வந்தாள்.

"வாங்க மிஸ். பெயின்ற் டின்னோட வந்திருக்கிறீங்க, எங்கட வீட்டுக்கு அடிக்கவா? அடிக்கிறதெண்டா பச்சை அடிங்க." பதிலுக்கு நிற்காமல் குசினிக்குப் போனாள். "இருங்க, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம்."

அந்தச் சொல் வந்த விதத்தில் ஸாலிஹா திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட தண்ணியில பிழை இருக்கு," என்றாள் கௌசலா. "0.8 எண்டு தந்தனான். ரெண்டு மடங்கு வரும். நான் கரைசலைப் பிழையாச் செய்துபோட்டன். அஞ்சு வருஷமா. குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். கழுவலாம், குளிக்கலாம்."

ஸாலிஹா கேத்தலைக் கையில் வைத்தபடியே நின்றாள். கோபம் வரும் என்று கௌசலா காத்திருந்தாள். வந்தால் தாங்கலாம் போலிருந்தது.

"அப்ப, நான் போத்தல் கொண்டுவந்த அண்டைக்கும்?"

"ஓம். அண்டைக்கும்."

"உங்கட வீட்டில?"

"அதே தண்ணிதான். என்ர மகளுக்கும் பல்லில கறை."

ஸாலிஹா கேத்தலை நிலத்தில் வைத்தாள். மெல்லத்தான் சொன்னாள்.

"நீங்க சொன்னதைக் கேட்டு நான் புள்ளைக்கு அடிச்சனான் மிஸ். பல்லுத் தீட்டாம ஏமாத்துறா எண்டு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை." பிறகு உள்ளே பார்த்து, "ஸம்ஹா, இஞ்ச வா. மிஸ்ஸுக்குப் பல்லைக் காட்டு."

கௌசலா தடுக்கக் கை தூக்கினாள். அதற்குள் ஸம்ஹா வாசலில் வந்துவிட்டாள். பதினொரு வயது இருக்கும். முதலில் தாயைப் பார்த்தாள், பிறகு மிஸ்ஸை, பிறகு பெயின்ற் டின்னை. இரண்டு பெரியவர்களின் முகத்திலும் இருந்ததை அவள் தனக்குத் தெரிந்த விதத்தில்தான் விளங்கிக்கொண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"இண்டைக்கு ரெண்டு தரம் தீட்டினனான் உம்மா," என்றாள். "அல்லாவாணை, ரெண்டு தரம்."