சன்னலோரம் வைத்த கூடை

காரில் இடம் இருந்தது. இல்லை என்று என் அக்காவிடம் பொய் சொன்னேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது... அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம், மாம்பழக் காலம். சென்னையில் இருந்த எங்கள் தம்பியை, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ரெண்டு அக்காவையும் பார்க்கணும் என்று கேட்டிருந்தான். நான் ராஜபாளையத்தில், மகன் வீட்டில். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறாள். பால்கோவாக் கடையில் சட்டி கழுவுகிறாள்.

மகன் போனில் ரயிலைப் பார்த்தான்.

“யம்மா, சாதா டிக்கெட் எல்லாம் தீந்துபோச்சு. ஏசியிலதான் இருக்கு, அதும் தட்கல். மூணு பேருக்கு அம்புட்டுக் காசக் குடுக்கதுக்கு, டீசலப் போட்டு கார்லயே போயிட்டு வந்துறலாம். கூட ஒரு ஆள் ஏறுனாலும் அதே டீசல்தான்.”

அதே டீசல்தான். அவன் வாயாலேயே சொன்னான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கே அக்கா போன் செய்தாள். “ஏட்டி, உங்க வண்டியில எனக்கு ஒரு எடம் இருக்குமா? ரயில்ல ரெண்டு வாரக் கூலியக் கேக்கான். கூட்டப் பெட்டியில நின்னுட்டுப் போக முட்டி ஏலாது.”

“எடம் இல்லக்கா. ஆள் நெறஞ்சுபோச்சு.”

“சரி விடு. பொறவு வாரேன்னு தம்பிட்ட சொல்லு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வண்டி மருமகள் வீட்டில் கொடுத்தது. அக்காவுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். மருமகள் முகம் சுளிப்பாளோ என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எனக்கு எதைக் கேட்கவும் கூச்சம்... கூச்சம் என்று சொன்னால் பாவம் குறைந்துவிடுமா?

காலையில் புறப்பட்டோம். முன்னால் மகனும் மருமகளும். பின்சீட்டில் நானும், சன்னலோரம் ஒரு கூடை மாம்பழமும். அக்கா உட்கார வேண்டிய இடத்தில் அந்தக் கூடை உட்கார்ந்து வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வேலை பார்க்கும் கடைக்கு முன்னால் நெரிசல். வண்டி ஊர்ந்தது. “பெரியம்மாவயும் கூட்டிட்டுப் போவமாம்மா? எடம் கெடக்கே” என்றான் மகன்.

“அவ ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டாளாம். நீ போப்பா.”

சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் போட்டுத் தூங்குவதுபோலக் கிடந்தேன். சன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. வாசலில் சட்டி உருளும் சத்தம் கேட்டது.

தம்பி என்னைப் பார்த்ததும், “பெரியக்கா வரலையா? என்மேல கோவமா?” என்றான்.

“கோவமெல்லாம் இல்லப்பா. முட்டி வலி, பொறவு வருவா.”

நான்காம் நாள் காலையில் போய்விட்டான். அக்கா கடையில் முன்பணம் வாங்கி, ரெண்டு வாரக் கூலி கேட்ட அதே ஏசி டிக்கெட்டிலேயே அன்று ரயிலேறி வந்தாள். இறங்கி வருமுன் எடுத்துவிட்டார்கள். அவன் படுத்திருந்த கட்டிலைத் தடவிப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாம்பழம் இன்னும் பாதிக் கூடை மிச்சம் இருந்தது.

இப்போது தம்பிக்கு வருஷத் திதி வருகிறது. இந்தத் தடவையும் காரில்தான் போகிறோம். நேற்று நானே போன் செய்து அக்காவை வரச் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் சொன்னேன்.

“வாரேன்ட்டி” என்றாள். போனை வைக்குமுன் மெதுவாகச் சொன்னாள்:

“இந்தத் தடவ சன்னலோரம் கூடைய வச்சிறாத.”

அன்று கடை வாசலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வருஷமாக அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சரிக்கா” என்றேன்.