கிளேபாங் அலை திருப்பித் தந்தது

அண்ணனின் அஸ்தியைக் கடலில் விட்ட மூன்றாம் நாள் அது வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கொண்டுவந்தவர் லிம்போங்கானைச் சேர்ந்த ஒரு மலாய் மீனவர். சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கூடைக்குள், வாழையிலையில் சுற்றிய மண்சட்டி. சட்டியின் வாயில் கட்டிய மஞ்சள் துணிகூட அவிழவில்லை. உங்கள் ஆட்களுடையது என்று தெரிந்தது, கரையில் கிடக்க விட்டுப் போக மனம் வரவில்லை என்றார். எங்கள் ஆட்கள் அதிகம் இருந்த காஜா பெராங்கில் சமீபத்தில் சாவு விழுந்த வீடு எது என்று நகரத்துக் கடைகளில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரை அன்றைக்கு மனசுக்குள் நான் எவ்வளவு திட்டினேன் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சட்டியைக் கடலில் விட்டவன் நான்தான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பி என்ற முறையில் எல்லாக் காரியமும் நான் செய்தேன். கிளேபாங் கடலில் முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் வரும்வரை போனோம். துணியை அவிழ்த்து அஸ்தியைக் கரைத்துவிட்டுச் சட்டியை உடைக்க வேண்டும் என்றார் பண்டாரம். முடிச்சில் கை வைத்தேன், அவிழ்க்க முடியவில்லை. விரலுக்கு வலு இல்லாமல் இல்லை, மனசுக்குத்தான் இல்லை. கூட வந்த பெரியவர்களுக்கு வெயில் ஏறுகிற அவசரம். "அப்படியே விட்டுட்டு வா தம்பி, திரும்பிப் பாக்காத" என்றார்கள். விட்டேன். அஸ்தியைக் கடலில் விட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூடப் போனவர்களும் பார்க்கக் கூடாது. ஏழெட்டு ஆண்கள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி கரையேறினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கடல் என்ன செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. முறைப்படி, பெண்கள் யாரும் வரவில்லை.

சட்டி திரும்பி வந்ததும் பழி அண்ணியின் தலையில் விழுந்தது. காரணம் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் எந்த நாளில் என்பதை எங்கள் ஊர்த் திடலில் பெரிய கூட்டம் கூட்டித்தான் சொன்னார்கள். அண்ணனுக்கு அப்போது இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆனாலும் போயே தீருவேன் என்று சட்டையை மாட்டினார். அண்ணி வாசலை மறித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கத்தினார்: "போறதுனா அப்படியே போயிருங்க, திரும்பி வராதீங்க!" கோபத்தில் எந்தப் பெண்சாதியும் சொல்கிற வார்த்தைதான். பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. அண்ணன் மாலையில் சிரித்துக்கொண்டு வந்தார், இரவில் படுத்தார், எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

"இவ வராதன்னு சொன்னா, அவன் அஸ்தியாவாவது வந்து நிக்கிறான் பாரு" என்று உறவுக்காரப் பெண்கள் பேசினார்கள். அண்ணி தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினார். புக்கிட் ரம்பாயில் இருந்த தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார். மாதக் கடைசியில் அவர் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்தப் பழியோடு அவர் எங்கள் வீட்டுப் படியிறங்கினால் அது சாகும்வரை கூடவே போகும் என்று எனக்குத் தெரியும். அம்மா பழிக்கவும் இல்லை, பேசுகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. அஸ்தி வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் பின்கட்டு ஜம்பு மரத்தில் சட்டியை என்னைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். மறுபடி கடலுக்குக் கொண்டுபோவோம் என்றால், "இருக்கட்டும்டா" என்பார். பொழுது சாய்ந்தால் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

எனக்குக் கோபம் உறவுக்காரர்கள் மீதா, என் மீதா, கடல் மீதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடல் மீது என்றே வைத்துக்கொண்டேன். அதனிடம்தான் கேள்வி கேட்க முடிந்தது. சட்டி எப்படித் திரும்பி வந்தது? அதுவும் கிளேபாங்கில் விட்டது, நகரத்துப் பக்கம் அவ்வளவு தள்ளி லிம்போங்கானில் எப்படி ஒதுங்கியது?

முதல் சோதனை எங்கள் குளியலறைத் தொட்டியில். தண்ணீரில் ஒரு தீக்குச்சியைப் போட்டு, ஓரத்தில் வாயை வைத்து ஊதினேன். சின்னச் சின்ன அலைகள் எழுந்து எதிர்ச்சுவர்வரை ஓடின. குச்சி அலையோடு ஓடும் என்று நினைத்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. ஊதுவதை நிறுத்திய பிறகும் கடைசி அலைகள் போய்க்கொண்டிருந்தன. காற்று நின்றாலும் அது கிளப்பிய அலை நிற்கவில்லை. அப்படியானால் காற்றே இல்லாத காலையில் கிளேபாங்கில் வந்து விழும் அலை, எங்கோ சுமத்ரா பக்கம் நேற்று அடித்த காற்றாக இருக்கலாம். இதை நினைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளியோடு வந்த அண்ணி, நான் தொட்டியை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "தம்பிக்கு என்ன ஆச்சு?" என்றார். சாவுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அலை வருகிறது, தண்ணீர் வருவதில்லை. சரி. அப்படியானால் சட்டி மட்டும் ஏன் வந்தது?

ஞாயிற்றுக்கிழமை நான்கு உரிக்காத தேங்காய்களில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கிளேபாங்குக்குச் சைக்கிள் மிதித்தேன். அங்கே கடலுக்குள் நீண்ட ஒரு பழைய கல்துறை இருந்தது. அதன் முனையில் நின்று ஆழத்தில் ஒன்றைப் போட்டேன். குச்சி செய்ததையே தேங்காயும் செய்தது, தூக்கிய அலை அதை விட்டுவிட்டுத் தான் மட்டும் கரைக்குப் போனது. அடுத்ததை அஸ்தி விட்ட ஆழத்தில் போட்டேன். அங்கே அலைக்குக் காலடியில் மணல் தட்டுகிறது. அடிப்பாகம் தயங்க, மேல்பாகம் முந்திக்கொண்டு கவிழ்கிறது. கவிழும்போது கையில் கிடைத்ததையெல்லாம் கரைக்கு எறிகிறது. நேராகவும் எறியவில்லை. அலை கரைக்குச் சாய்வாக வந்தது, திரும்பும் தண்ணீரோ நேராக இறங்கியது. சாய்ந்து ஏறி நேராக இறங்கி, சாய்ந்து ஏறி நேராக இறங்கி, தேங்காய் நகரத்துப் பக்கமாகக் கரையோரம் நடந்தே போனது. நானும் பக்கத்தில் நடந்தேன். காலடியில் மணலும் அதே நடை நடப்பதைக் கண்டேன்.

கல்துறையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் மணல் வந்து சேர்ந்து மேடாகிக் கிடந்தது. மறுபக்கம் கரையைக் கடல் தின்று, தென்னைமரங்கள் வேர் தெரிய நின்றன. நான் வேலை பார்த்தது நில அளவை ஆபீசில், வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை. பழைய படத்திலும் புதிய படத்திலும் அந்த இடத்துக் கரைக்கோடு பொருந்தவே பொருந்தாது. பழையதை வரைந்தவன் சோம்பேறி என்று பலமுறை ஏசியிருக்கிறேன். அவன் சரியாகத்தான் வரைந்திருக்கிறான். கரைதான் இடம் மாறியிருக்கிறது.

தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று மூன்று வாரம் போனேன். இறங்கும்போது ஆழத்தில் போட்டவை திரும்பவில்லை. ஏறும்போது கரையோரம் போட்டவை எல்லாம் லிம்போங்கானுக்குத்தான் போயின. அங்கே அந்த மீனவர் என் சிவப்புத் துணித் தேங்காய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்! "நீங்கள் சட்டியை விட்டது ஆயிர் பசாங் நேரம்" என்றார் மலாயில். தண்ணீர் ஏறுகிற நேரம். நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தோம், கடலைப் பார்க்கவில்லை. இதற்குள், நான் சிவப்புத் துணி கட்டிக் கடற்கரையில் சூனியம் எடுக்கிறேன் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

பேசட்டும் என்று விட்டேன். கண்ணால் பார்த்தால் அம்மா நம்புவார், அம்மா நம்பினால் மற்றவர்கள் வாயை மூடுவார்கள். ஒருநாள் காலை, தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்து, அம்மாவையும் அண்ணியையும் டெக்சியில் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன். தேங்காயை விட்டேன். அது சாய்ந்து ஏறி நேராக இறங்கி, கரையோரமாக நடந்தது. அம்மாவும் அதன் கூடவே நடந்தார். நான் காற்று, அலை, மணல் என்று விடாமல் பேசினேன்.

"பாத்தீங்களாம்மா? எதப் போட்டாலும் வந்துரும். அண்ணி சொன்னதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல."

அம்மா தேங்காயைக் குனிந்து எடுத்தார். துணியைத் தடவினார்.

"அப்ப அவன் என்னையப் பாக்க வரலையாடா?"

ஒரு மாதமாக அம்மா அந்த மரத்தடியில் யாரோடு இருந்தார் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஒருவர் தலையில் இருந்த பழியை இறக்குவதாக நினைத்து, இன்னொருவர் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டேன். அண்ணிதான் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தேங்காய்க்கு என்னா தெரியும் அத்தை" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே சட்டியை மரத்திலிருந்து அவிழ்த்து, பெண்கள் தொடக் கூடாது என்ற முறையையும் பார்க்காமல், அண்ணியின் கையில் கொடுத்தார். புக்கிட் ரம்பாயிலிருந்து அண்ணியின் அண்ணன் வரவேண்டாம் என்று என்னைச் சொல்லியனுப்பச் சொன்னார்.

தண்ணீர் இறங்கும் நேரத்தில் அண்ணியும் நானும் மீனவரின் சம்பான் படகில் போனோம். அம்மா கரையில் நின்றார். அலை கவிழும் இடத்தைத் தாண்டியதும் கடல் வெறுமனே ஏறி இறங்கியது. அண்ணி துணியை அவிழ்த்தார், தண்ணீரில் கையை விட்டு மெதுவாகக் கரைத்தார். சாம்பல் கொஞ்ச நேரம் வெள்ளையாக மிதந்து, பிறகு தெரியாமல் போனது.

கரையில் இறங்கியபோது அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டாரு அத்தை."

அண்ணன் இறந்த நாளிலிருந்து அம்மா அழவில்லை. அன்றைக்குத்தான், சேலை நனைய அங்கேயே உட்கார்ந்து, அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதார்.