அவிழ்க்கும் பாடம் இல்லாத புத்தகம்

தாதிப் பயிற்சிக்கு ஆள் தெரிவுசெய்யக் கொழும்பில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரு பணிவிடையைச் செய்து காட்ட வேண்டும். செய்யும்போதே அதை நோயாளியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். என் மகள் தமிழ்ப் பாடசாலையில் படித்தவள். அவளைப் போன்ற நான்கு பிள்ளைகளுக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வகுப்பு நடந்தது. காலையில் மொழி, பிற்பகலில் கைவேலை. மாலையில் எங்கள் ஊரான நாவற்குடாவுக்கு நடந்து வந்து, படித்ததை என்மேல் செய்து பார்ப்பாள்.

நான் மிஷன் பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். கொஞ்சம் ஆங்கிலம் விளங்கும். ஆகையால் நோயாளி நான்தான். எத்தனையோ நாள் காய்ச்சல்காரியாகவும் கால் முறிந்தவளாகவும் கிடந்தேன். அவளுடைய ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வரும். "எங்க நோகுது எண்டு நீ கேட்டு முடிக்கக்குள்ள நோயாளி செத்திருவாள் மகள்" என்று சிரிப்பேன்.

புத்தகத்தின் கடைசிப் பாடம் இறந்தவருக்குச் செய்யும் பணிவிடை. அப்போதும் பேச வேண்டும் என்பது வகுப்பின் விதி. இன்னும் காது கேட்கிறது என்று எண்ணி, இப்போது கண்ணை மூடுகிறேன், இப்போது முகத்தைத் துடைக்கிறேன் என்று சொல்லித்தான் செய்ய வேண்டும். தொடங்கினால் முடியும்வரை தமிழில் ஒரு சொல்லும் கூடாது.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. கணவர் வாவிக்கு அக்கரையில், பழுகாமத்து வயல்வட்டையில் எங்கள் நெல்லை அறுவடை செய்யப் போயிருந்தார். காலை பத்து மணியிருக்கும். வெளிச்சம் வரட்டும் என்று வாசலுக்கு நேரே பாயை விரித்தோம். பிணத்தைக் கிடத்துவதுபோல் என் தலை தெற்கே கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நனைத்த பஞ்சைக் கண்களில் வைத்தாள். நாடியைத் துணியால் உச்சியோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு கால் பெருவிரல்கள் இரண்டையும் கட்டினாள். எங்கள் ஊரிலும் இதையேதான் செய்வோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று அவள் ஆங்கிலம் தடுக்கவில்லை. தாழ்ந்த, கனிவான, ஒரே சீரான குரல். அந்தக் கனிவுதான் என்னைப் பயப்படுத்தியது. மகள் தாயோடு பேசும் குரல் அல்ல அது. அங்கே யார் கிடந்தாலும் அதே குரலில்தான் பேசியிருப்பாள். அதைப் படிக்கத்தான் அவளை அனுப்பியிருந்தேன்.

அடுத்த வளவுக்காரி உலக்கை கேட்டு வந்தாள்.

"என்னகா, இந்த நேரத்தில படுத்துக் கிடக்காய்?" என்றவள் நின்றாள். "புள்ள, அம்மாக்கு என்ன?"

மகள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த ஆங்கில வாக்கியத்தை முடிப்பதற்காக, பொறுங்கள் என்று கையை உயர்த்தினாளாம். அந்தக் கையே வந்தவளுக்குப் பதிலாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் அழுகுரல் கேட்டால் யாரும் என்ன ஏது என்று விசாரிப்பதில்லை. வந்து தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். ஐந்தாறு பெண்கள் வந்துவிட்டார்கள்.

நான் எழுந்திருக்க வேண்டும். ஒரு துண்டுத் துணிதான் கட்டு. காலை அசை என்று எனக்கே சொன்னேன். கால் கேட்கவில்லை. "வளவும் வீடும் மகளுக்கு விட்டுப் போனியே" என்று ஒருத்தி அழுதாள். இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். சரி, போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊறப்போட்ட அரிசியை யார் இடிப்பார்கள் என்ற ஒரு யோசனை மட்டும் மிச்சமிருந்தது.

"அம்மா, எழும்புங்க. பாடம் முடிஞ்சிது. எழும்புங்கம்மா."

தமிழ். குரல் தடுக்கியது. அதைக் கால் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்து, கட்டுகளைப் பிய்த்து எறிந்தேன்.

ஒருத்தி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். அடுத்த வளவுக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "செத்தவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்கடி. நான் அழுத அழுகைக்கு எனக்கும் ஒண்டு" என்றாள்.

ஆனால் செய்தி அதற்குள் தோணி ஏறிவிட்டது. பின்னேரம் கணவர் வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். முற்றத்தில் நின்று என் பாதங்களையே பார்த்தார். பிறகு மகளைக் காட்டிச் சொன்னார்.

"அழுகுரல் வெச்ச வீடு இது. முப்பத்தொண்டாம் நாள் கழியாம இவள் ஒரு நல்ல காரியத்துக்கும் வெளிக்கிடேலா."

"ஒருத்தரும் சாகல்லியே" என்றேன்.

"அழுதிற்றாங்களே."

மகள் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "நான் போகல்லம்மா. என்ர கைதானே கட்டினது."

மூன்று நாள் அப்படிப் போயிற்று. கணவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கோழிக்குத் தீனி போடும்போது என் நிழல் விழுகிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து அந்தப் பாடத்தைப் படித்தேன். கட்டுவது எப்படி என்று விரல் விரலாக எழுதியிருந்தது. அவிழ்ப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அது யாருக்குத் தேவைப்படும்? அன்று என்னையும் யாரும் அவிழ்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில், அழுத பெண்கள் எல்லாரையும் அழைத்தேன். கணவரையும் வாசலில் இருக்கச் சொன்னேன். தலை கிழக்கே வரும்படி பாயை விரித்துப் படுத்தேன்.

"கட்டு மகள். மறுகா நீயே அவிழ்."

"அவிழ்க்கிறதுக்கு இங்கிலீஷ் படிக்கல்லம்மா."

"தெரிஞ்சதில சொல்லு."

ஆங்கிலத்தில் சொல்லிக் கட்டினாள். பிறகு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தபடி, "அம்மா, கால அவிழ்க்கிறன். நாடிய அவிழ்க்கிறன். கண்ணத் திறங்க" என்றாள். திறந்தேன்.

"எல்லாரும் பாத்திற்றீங்கதானே. இனி ஒருத்தரும் அழப்பிடாது. எனக்குத் தொண்ட கட்டிப் போச்சு" என்றாள் அடுத்த வளவுக்காரி.

கணவர் அந்தத் துணிகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார். ரயில் நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

அவள் தெரிவானாள். போன மாதம் கடிதம் வந்தது. வார்டில் ஆளில்லாத ஒரு கிழவி இறந்தாளாம். முதல்முறையாக இவளே எல்லாம் செய்தாளாம். "ஆங்கிலம் தடுக்கவில்லை அம்மா. ஆனால் கால்விரலைக் கட்டியபின், அவ எழும்புவாவோ என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன்" என்று எழுதியிருக்கிறாள்.

இன்னும் பதில் எழுதவில்லை. எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது.