கால் குளிருதோ?

வீட்டைச் சூடாக்குகிற தொழிலில், போன் அடித்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. கலியாணத்துக்குச் சொல்லவோ, சுகம் கேட்கவோ ஒருவரும் எங்களை அழைப்பதில்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், இரண்டு அறைக் கம்பனிக் கந்தோரில் நான் போன் எடுக்கிறேன். முதலாளி ரூபனுக்கு நாற்பது வயது. வீடுகளில் காஸ் எரித்துச் சூடு ஊதுகிற ஃபேர்னஸைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடுகிற ஹீற் பம்ப் பூட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். அதைத் தமிழ் ஆக்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவது என்னுடைய வேலை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மூன்று பிள்ளைகளும் வளர்ந்து தங்கள் தங்கள் வீட்டுக்குப் போன பிறகு வந்த உத்தியோகம் இது. ஒவ்வொரு முறையும் போனைத் தூக்குமுன் மனதுக்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிக்கொள்வேன்.

இந்த ஊர்க் குளிரில் என்னோடு சேர்ந்து உத்தரிக்கிற சகோதரங்களே, உங்களிலும் சிலர் எனக்குப் போன் எடுத்து ஏசியிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பிறிட்ஜுக்குப் பின்னால்

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "வெளியில உறைபனி. உந்தக் காத்தில இருந்து சூட்டை எடுக்கிறதெண்டு ஆருக்குக் கதை விடுறியள்?" ரூபன் கடுதாசியில் படம் கீறிக் காட்டுவார். எனக்கே அது விளங்கவில்லை. ஒரு நாள் வீடு கூட்டும்போது சமையலறைப் பிறிட்ஜின் பின்பக்கம் கை பட்டது, சூடாக இருந்தது. உள்ளே மீன் உறைந்து கிடக்கிறது, பின்னால் சூடு. உள்ளிருக்கிற சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. ஹீற் பம்பும் அதையேதான் செய்கிறது, வெளிக்காற்றில் மிஞ்சிக் கிடக்கிற சூட்டைப் பொறுக்கி வீட்டுக்குள் தள்ளுகிறது.

அன்று தொட்டு எல்லாருக்கும் பிறிட்ஜைத்தான் சொல்கிறேன். பிறம்ரனில் லொறி ஓடுகிற ஒரு தம்பி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப இனி நாங்கள் பிறிட்ஜுக்குப் பின்னால குடியிருக்கப்போறம் எண்டு சொல்லுங்கோ, அன்ரி."

நான் கொடுத்த வாறன்ரி

ஒக்ரோபர் கடைசியில் பிலோமினா அக்கா கந்தோருக்கே வந்துவிட்டா. எங்கள் கோயிலில் பூசைநேரம் எனக்கு முன்வரிசை வாங்கில் இருப்பவ. புருசன் அன்ரனி அண்ணை இருபத்தெட்டு வருசம் பாண் பக்ரறியில் வெதுப்படுப்புக்கு முன்னால் நின்று உழைத்த மனுசன். இப்போது நெஞ்சு பழுதாகி ஆஸ்பத்திரியில். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒட்சிசனோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணைக்கும் அந்த ஒரு ஆசைதான், தன் வீட்டில், தன் கதிரையில் இருக்க வேண்டும். ஆனால் ஒட்சிசன் ஓடுகிற வீட்டில் நெருப்பு எரியக்கூடாது என்று நேர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாவாம். அக்காவின் அடுப்பு காஸ். ஃபேர்னஸும் காஸ், அதுவும் கிழடு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப்போகிறேன் என்றா.

ரூபன் கொடுத்த கடுதாசிகளை அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தா. "அந்த மனுசன் கூதல் தாங்காது, பிள்ளை. குளிராது எண்டு நீர் சொல்லும். நான் கையெழுத்து வைக்கிறன்." நான் "குளிராது அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் இருப்பது அப்பார்ட்மென்ற். இந்த மிசின் பூட்டிய வீட்டில் ஒரு மாரிக்குளிர்கூட நான் இருந்து பார்த்ததில்லை. அக்கா போன பிறகு ரூபன் சிரித்துக்கொண்டு சொன்னார்: "கம்பனி குடுக்கிறது பத்து வருச வாறன்ரி, அன்ரி. நீங்கள் மோட்சம் வரைக்கும் குடுத்திட்டியள்."

கடைசி நெருப்பு

காஸ் வெட்டுகிற அன்று நானும் வர வேண்டும் என்று அக்கா கேட்டதால் ரூபனின் வான் வண்டியில் ஏறிப் போனேன். நவம்பர் முதல் கிழமை, இறந்த ஆன்மாக்களுக்காக நாங்கள் செபிக்கிற மாதம். ரூபன் ஃபேர்னஸ் இருக்கிற பேஸ்மென்ற்றுக்கு இறங்கப்போக, "ஒரு பத்து நிமிசம் பொறும் தம்பி" என்று அக்கா மறித்தா. அடுப்பை மூட்டி, கேத்திலில் தண்ணி கொதிக்கவைத்து, எல்லாருக்கும் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றித் தந்தா. குடித்து முடியும்வரை அடுப்பை அவ அணைக்கவில்லை. அந்த நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு தானாகவே குமிழைத் திருகி அணைத்தா.

"கவலைப்படாதேங்கோ அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னே அவ சொன்னா: "முப்பது வருசம் எங்களுக்குச் சமைச்சுத் தந்தது. ஒருநாள்கூட எப்பிடிச் சுகமெண்டு கேட்டதில்லை நான்."

போர்வை போர்த்த மிசின்

டிசெம்பரில் மிசிசாகாவில் இருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். மிசின் முனகுதாம், வீட்டுக்குள் சூடு வருகுதில்லையாம். ரூபன் போய்ப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் படம் அனுப்பினார். வெளியே காற்று இழுக்கிற பெட்டியை, ஐயா ஒரு தடித்த போர்வையால் சுற்றி, மேலே பிளாஸ்ரிக் தறப்பாள் போட்டு, கயிற்றால் நாலு சுற்றுக் கட்டி வைத்திருக்கிறார். மூக்கையும் வாயையும் பொத்தினால் அது எப்படி மூச்சு விடும்?

அதைப் பக்குவமாகச் சொல்லி விளங்கப்படுத்தினேன். ஐயாவுக்குச் சரியான மனவருத்தம். "தங்கச்சி, இந்த ஊரில நாய்க்குட்டிக்கும் சட்டை போடுகினம். எங்களுக்காக வெளியில நிண்டு விறைக்கிற சீவனுக்கு ஒரு போர்வை குடுத்தது பிழையோ?"

கை சொன்ன சாட்சி

ஜனவரியில் அந்தப் பெருங்குளிர் வந்தது. கண்ணிமையில் பனி ஒட்டுகிற குளிர். காலையில் இருந்து போன் ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: சூட்டுக்காற்று வருகிற வென்ற்றில் கை வைத்தால் சுடவில்லை. காஸ் ஃபேர்னஸ் அனல்போல ஊதிவிட்டு நின்றுவிடும், வீடு ஆறும், திரும்ப ஊதும். ஹீற் பம்ப் இளஞ்சூடாக, நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கும். நம் உடம்பு அதைவிடச் சூடு. அதனால் அந்த இளஞ்சூடு கைக்குக் குளிர்போலத்தான் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு போனில் வந்த ஒரு குரல் சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. "பிள்ளை... அன்ரனி கதைக்கிறன்... கை வைச்சுப் பாத்தனான்... சுடேல்லை."

நெருப்புக்கு முன்னால் இருபத்தெட்டு வருசம் நின்ற கை அது. நான் சொன்ன சொல்லை நம்பித்தானே அந்த வீட்டு நெருப்பை அணைத்தார்கள்? நாலு மணிக்குக் கந்தோரை விட்டு இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போனேன். வழி முழுக்கச் செபமாலை என் பொக்கற்றுக்குள் உருண்டது. அவர்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினால், பனி உள்ளே போய்க் காலில் போட்ட மேஸ் இரண்டும் நனைந்திருந்தன. அவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாபிள் நிலத்தில் கால் வைத்தேன். சில்லிடும் என்று பல்லைக் கடித்தேன். சில்லிடவில்லை.

அண்ணை தன் கதிரையில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, குனிந்து வென்ற்றில் கை வைத்தபடியே இருந்தார். சுவரில் இருந்த வெப்பமானி இருபத்திரண்டு பாகை என்று காட்டியது. அதைக் காட்டினேன். "உது... பொய் சொல்லும்" என்றார். அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். மேஸ் இல்லை. இரண்டு சோடி மேஸும் கழற்றிக் கதிரைக்குக் கீழே கிடந்தன. "அண்ணை, கால் குளிருதோ?" என்று கேட்டேன். அவர் கால் பெருவிரலை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். மற்றக் காலையும் அசைத்துப் பார்த்தார். பிறகு, மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: "இதை நீர்... முதலே கேட்டிருக்கலாம். நான் இவ்வளவு நாளும்... கையைத்தான் விசாரிச்சனான்."

மோர்மிளகாய்

அடுத்த நாள் தொட்டு எல்லாரிடமும் அந்த ஒரே கேள்விதான் கேட்டேன். போனில் ஆக்கள் "இல்லை" என்பார்கள். அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும். எல்லாருக்கும் அல்ல. எக்லின்ரன் பக்கத்து அன்ரி ஒருவர் மாரி முழுக்க வென்ற்றின் மேல் தட்டு வைத்து மோர்மிளகாய் காயவைக்கிறவ. "கால் குளிரேல்லை, ஓம். என்ர மிளகாய் பூஞ்சணம் பிடிக்குது, அதுக்கு என்ன சொல்லப்போறீர்?"

அன்ரனி அண்ணையின் கால்

அண்ணை அந்த மாரி முழுவதும் தன் வீட்டில், தன் கதிரையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவில்லை. இடையில் இரண்டு முறை போன் எடுத்தார், முறைப்பாட்டுக்கு அல்ல. "கால் சுகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். தவக்காலத்தில் ஒரு விடியற்காலை ஃபாதர் வந்து கடைசிநேர அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அன்று மத்தியானம், மனைவியும் பிள்ளைகளும் சுற்றி இருக்க, அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டுச் செபத்துக்குப் போனபோது வீடு நிறைய ஆக்கள். புழுக்கம் தாங்காமல் யாரோ யன்னலைத் திறந்துவிட்டார்கள். வெளியே ஹீற் பம்ப் பெட்டி மெல்ல மெல்ல இரைந்துகொண்டிருந்தது. செபமாலையின் இரண்டாம் காரணிக்கத்தில் எனக்கு மணி எண்ணிக்கை தவறிவிட்டது. தேவையில்லாமல் ஒரு பெரிய சொல்லைக் கொடுத்துவிட்டு நாலு மாசமாகப் பயந்துகொண்டிருந்தவள் நான். அந்தப் பயத்தை அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. செபம் முடிய அவவே எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா.

"கடைசி வரைக்கும் காலைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான், பிள்ளை. ஆள் போன பிறகும் கொஞ்ச நேரம் கணகணப்பாத்தான் இருந்தது."

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: சுடாத கை உடனே போனைத் தூக்கும், குளிராத காலுக்கு மட்டும் எங்கள் நம்பர் தெரியாது, ஒரே ஒரு அன்ரனி அண்ணையின் காலைத் தவிர.