எட்டு ஆட்டம் என்று எண்ணியது

கம்ப்யூட்டர் அடுத்த நகர்வைக் காட்டும் முன்பே என் கை அதை நோட்டில் எழுதிவிட்டது. திரையில் வந்ததும் அதே நகர்வுதான். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வருகைப் பதிவு எழுதும் வேலையில் இருந்தேன். பத்தாவதோடு நின்றவள். யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் எனக்கு வார்த்தை வராது. அங்கே பாடம் எடுத்த டீச்சரும் சாரும் ஆளுக்கொரு செஸ் புரோகிராம் எழுதியிருந்தார்கள். எது நல்லதோ அதை எழுதியவரைத் திருவனந்தபுரத்தில் தன் மச்சானுடைய கம்பெனியில் சேர்த்துவிடுவதாக முதலாளி சொன்னார். அந்த வேலை கிடைத்தால் வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று டீச்சர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இரண்டு புரோகிராமும் ஒன்றோடொன்று எட்டு ஆட்டம், மாறி மாறி வெள்ளைக் காய். எந்தப் பக்கமும் சேராதவள் என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் நகர்த்தியதை மற்றதில் தட்டி, நோட்டிலும் எழுத வேண்டும். டீச்சருக்கு நாலு வெற்றி, நாலு சமன். முதலாளி எல்லாருக்கும் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தார். என் பங்கைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு நோட்டை முதலிலிருந்து ஒப்பிட்டேன். முதல் ஆட்டமும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஐந்தும் ஏழும் அதுவே. இரண்டாவதுதான் நாலு, ஆறு, எட்டிலும் வந்திருந்தது.

இரண்டு நாள் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் டீச்சர் தனியாக இருந்தபோது நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார்.

"இது எட்டு ஆட்டம் இல்ல மக்கா. ரெண்டே ரெண்டு ஆட்டமாக்கும். அதத்தான் நாலு நாலு தடவ ஆடியிருக்கு. காய் ஒரே மாதிரி நின்னா இதுக எப்பவும் ஒரே நகர்வத்தான் நகர்த்தும்."

நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் அவரே போனார்.

"ஜெயிச்ச ஆளு நீ. உனக்கு என்னத்துக்கு இந்த வேண்டாத வேல?" என்றார் முதலாளி.

திரும்ப ஆடியே ஆக வேண்டும் என்று டீச்சர் விடவில்லை. சாரின் செஸ் புத்தகத்திலிருந்து பத்து விதமான தொடக்க நகர்வுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை, மொத்தம் இருபது ஆட்டம். சாருக்குப் பதினொன்று, டீச்சருக்கு ஒன்பது. இவ்வளவு சின்ன வித்தியாசம் அடுத்த இருபதில் தலைகீழாகவும் வரலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். சாரும் ஆமாம் என்றார். முதலாளிக்குப் பதினொன்று போதுமாக இருந்தது. சார் திருவனந்தபுரம் போனார். அந்த வருடமே டீச்சர் கல்யாணமாகி நெய்யாற்றின்கரைக்குப் போனார்.

அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் வீட்டு விசேஷம்தான் பேசுவோம். போன மாதம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த நோட்ட நம்ம ரெண்டு பேருமா மூடி வச்சிருக்கலாம் இல்லியா டீச்சர்?"

"வச்சிருக்கலாம். பின்ன உன் முகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் அதைக் கவனிக்காததுபோல் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு, "பதினொண்ணுக்கு ஒம்பது ஒண்ணும் தோல்வி இல்ல, கேட்டியா. இன்னும் ஒரு நூறு ஆட்டமாவது ஆடிப் பாக்கணும்" என்றார்.