நல்லா இருக்கிற பிள்ளை

உஷாராணி கலியாணமாகி டெல்லிக்கு வந்தபோது அவள் பேசிய இந்தி காய்கறிக்காரனிடம் விலை கேட்கக்கூடப் போதவில்லை. கணவன் ஜோதிலிங்கத்துக்கு மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். காலையில் அவன் கிளம்பிவிட்டால் பேச்சுத்துணைக்குக் கைபேசிதான். சங்கரன்கோவிலில் இருக்கும் சித்தி, கூடப் படித்தவர்கள் என்று எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். வைத்த குழம்பைப் படமெடுத்துப் போட்டாள், பால்கனியில் பூத்த செம்பருத்தியைப் போட்டாள். அபூர்வா பிறந்த பிறகு அவளைத் தவிர வேறெதையும் போடவில்லை.

அபூர்வாவுக்கு மூன்று வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிய கையோடு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஜோதிலிங்கம் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தான். மொட்டைத் தலையும் புறங்கையில் ஊசியுமாகச் சுருண்டு கிடந்த பிள்ளையைப் படமெடுத்து, எல்லாரும் வேண்டிக்கோங்க என்று எழுதிப் போட்டாள். முகம் தெரியாதவர்கள்கூட ஆறுதல் எழுதினார்கள். அதை வாசித்துத்தான் அன்றைய பொழுதைத் தள்ளினாள். பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. படம் அங்கேயே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது திறந்திருந்ததோ, அதை மூடி வைக்க வழி உண்டென்பதோ அவளுக்குத் தெரியாது.

அபூர்வா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் சித்தி போனில் அழுதாள்.

"ஏட்டி உஷா, பிள்ளைக்குப் புத்துநோயாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?"

சித்தியின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது அதே படம்தான். கீழே ரியா என்று பெயர் போட்டு, புற்றுநோய், நீங்கள் பகிரும் ஒவ்வொரு முறையும் இந்தக் குழந்தைக்கு உதவி கிடைக்கும் என்று இந்தியில் எழுதியிருந்தது; குழுவில் யாரோ அதற்கு அர்த்தமும் சொல்லியிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முதலில் சிரித்தார்கள். பிறகு வேறு பெயரில் தெலுங்கில் வந்தது, வங்காள மொழியில் வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

உஷாராணி தன் கணக்கிலிருந்த படத்தை அழித்தாள். பரவிக்கொண்டிருந்த படங்களைப் பற்றிப் புகார் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று மறைந்தால் அடுத்த வாரம் இரண்டு முளைத்தன. காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படத்தை முதலில் போட்டது யார் என்றார். உஷாராணி கணவனைப் பார்த்தாள். அவள்தான் என்று ஜோதிலிங்கம்தான் சொன்னான். தெரிந்த பக்கங்களை நீக்கச் சொல்லி எழுதுகிறேன், ஆனால் எத்தனை ஆயிரம் பேர் கைபேசியில் இருக்கிறதோ, அதை யார் போய் அழிப்பது என்று அந்த அம்மாள் வருத்தத்தோடே கேட்டார்.

இப்படியே சில வருடம் ஓடிய பிறகுதான் உஷாராணிக்கு ஒரு யோசனை வந்தது. பரவிய படம் ஒன்றின் கீழே, பள்ளிச் சீருடையில் அபூர்வா சிரிக்கிற புதுப் படத்தைப் போட்டு, இவள் என் மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள், நல்லா இருக்கிறாள், நம்பாதவர்கள் பாருங்கள் என்று எழுதினாள். ஜோதிலிங்கம் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அடங்கிவிடும் என்றே நம்பினாள்.

சில நாளில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி யாரோ புதிதாக ஒன்று செய்துவிட்டார்கள். நோயோடு இத்தனை வருடம் போராடிய குழந்தை நேற்று இறந்துவிட்டது என்று அதில் இருந்தது. சீருடைச் சின்னத்தில் பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பள்ளிக்குத் துக்கம் விசாரித்து போன் வர ஆரம்பித்தது. முதல்வர் பெற்றோரைக் கூப்பிட்டனுப்பி, இனி பள்ளிச் சீருடையோடு எந்தப் படமும் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அன்று அபூர்வா வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமலே நின்றாள்.

"அம்மா, நான் டெட்டாம். ஸ்நேஹாவோட மம்மி ரோயா, அழுதாங்களாம். கிளாஸ்ல எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க."

உஷாராணி அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அபூர்வா விலகவில்லை, சாயவும் இல்லை. பிறகு கைபேசியை வாங்கி, தன் மறைவுக்கு வந்திருந்த அனுதாபங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே என் போட்டோ எடுக்காத."

அதன்பின் அவள் பிறந்தநாளுக்குக்கூட யாரும் படம் எடுக்கவில்லை. உஷாராணி தன் கணக்கையே மூடிவிட்டாள். படம் மட்டும் நிற்கவில்லை. புகார் கொடுப்பதை இருவரும் மெல்ல விட்டுவிட்டார்கள்.

போன மாதம் மெட்ரோவில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணின் விரல் அந்தப் படத்தில் நின்றது. அவள் உச்சுக்கொட்டிவிட்டு, கும்பிடும் கை ஒன்றைச் சேர்த்து யாருக்கோ அனுப்பப் போனாள். சும்மா இருந்திருக்கலாம். உஷாராணியால் முடியவில்லை. தனக்கு வந்த இந்தியில், அது என் மகள், உயிரோடு இருக்கிறாள், இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது நம்பிக்கை இல்லை, இரக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படித்தான் பேசுவாள் என்று முடிவு செய்துவிட்டாள் போல. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உஷாராணியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். ஆமாம் அக்கா, இருக்கிறாள், உங்களோடேதான் இருக்கிறாள் என்று இந்தியில் தணிந்த குரலில் சொன்னாள்.

உஷாராணி மறுபடி வாய் திறந்தாள். என்ன சொன்னாலும் அழுகையாகத்தான் கேட்கும் என்று தெரிந்தது. இறங்கவேண்டிய நிலையம் வரும்வரை கையை அவளிடமே விட்டுவைத்தாள்.